ஒன்பதாம் கேள்வி

ஜூலை 14

அன்புள்ள வாயாடிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. நலம் விசாரிப்பு
2. கடிதமாக எழுதுவதன் காரணம்
3. லேப்டாப்
4. இணைப்பு: கேள்வித்தாள், ஒரு பக்கம்

முதலாவது. நான் சுகம். முழங்கால் மட்டும் என்னிடமிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் நடத்துகிறது. உனக்குக் கல்லூரி பழகிவிட்டதா? தூங்குகிறாயா?

இரண்டாவது. தொலைபேசியில் நீ பேசுவதில் பாதிதான் என் காதில் விழுகிறது. மீதியை நானே இட்டு நிரப்பி உன் அம்மாவிடம் சொல்கிறேன். அது நியாயமில்லை. எழுத்தில் இருந்தால் இரண்டு முறை படித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது. உனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று லேப்டாப் என் பொறுப்பு என்று சொன்னேன். மறக்கவில்லை. உன் அம்மாவும் இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே வந்து, "நீங்களே பாத்து வாங்கிக் குடுத்துடுங்க. உங்களுக்குத்தான் நிதானம் இருக்கு" என்றாள். அது பாராட்டுதானா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வாங்கியிருப்பான். எனக்கு அந்தக் கை இல்லை. முப்பத்திரண்டு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன் நான். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முத்திரை வைத்ததில்லை. உன் விடுதியையும் அப்படித்தான் பதினொரு தலைப்பில் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்தேன். ஆண்களை வாசலுக்கு மேல் விடுவதில்லை என்பதால் அறையை மட்டும் பார்க்க முடியவில்லை. ஆனாலும் நூற்றுக்கு எண்பத்தாறு.

நான்காவது. பன்னிரண்டு கேள்விகள். நிரப்பி அனுப்பு. நான் அளவுக்கு மீறிக் கேட்கிறேனோ என்னவோ. பொறுத்துக்கொள்.

ஆசிகளுடன்,
பெரியப்பா


ஜூலை 23

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வாயாடியின் வணக்கம். நான் நலம். தனிக்குடித்தனம் போன முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என் அறைத்தோழிக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். முதல் உடற்கூறு வகுப்பில் மேசைமேல் ஒருவர் படுத்திருந்தார். அவர் பக்கத்தில் இவள் நின்றபடியே தூங்கிவிட்டாள். பேராசிரியர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னிக்கு யாரும்மா பாடம்?" என்று கேட்டார். இருநூறு பேரும் சிரித்ததில்தான் அவள் விழித்தாள்.

படிப்பு நான் நினைத்ததைவிட அதிகம். ஜனவரியில் ஐந்து தாள் தேர்வு. ஒன்றில் தவறினால் மறுபடி எழுதலாம். இரண்டில் தவறினால் அந்த ஆண்டே போய்விடும். அடுத்து வருகிற பிள்ளைகளோடு முதலிலிருந்து உட்கார வேண்டும். திசுப் பாடத்தைத்தான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். திசுக்களை மெல்லிசாகச் சீவி எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள். பார்த்துப் பார்த்துத்தான் மனதில் ஏற்ற வேண்டுமாம். அவை எல்லாம் கல்லூரிக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. லேப்டாப் வைத்திருப்பவர்கள் எங்கிருந்தும் திறந்து பார்க்கலாம். போனில் திறக்காது. மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் அறை மாலை நான்கிலிருந்து ஏழு வரை.

கேள்வித்தாளை நிரப்பி வைத்திருக்கிறேன். 'கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுவாயா?' என்ற ஏழாம் கேள்விக்கு நானே பதில் சொன்னால் நன்றாக இருக்காது. அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறையைப் பற்றிக் கவலை வேண்டாம். வாசல் கேட் ரொம்ப உறுதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வாயாடி


ஆகஸ்ட் 6

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. நலம் என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். இங்கும் அப்படியே.

நேற்று கடைக்குப் போனேன். என் பழைய கொக்கித் தராசையும் துணிப்பையில் கொண்டுபோனேன். கடைக்காரர் நல்ல மாதிரி. நான் ஒரு லேப்டாப்பைப் பையில் போட்டுக் கொக்கியில் மாட்டியதும் ஓடி வந்தார்.

"ஐயா, ஐயா! லேப்டாப்ப யாரும் தொங்கவிட்டு வாங்க மாட்டாங்கய்யா."

"அட்டையில எழுதியிருக்கறதும் உள்ள இருக்கறதும் ஒண்ணான்னு பாக்கணும் தம்பி."

"ஒண்ணாத்தான் இருக்கும்."

"அறுபது கிராம் கூட இருக்கே."

"அந்த அறுபது கிராம் உங்களுக்கு இலவசம்யா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இருந்தாலும் மற்ற ஆறையும் நிறுத்துவிட்டுத்தான் வந்தேன். சார்ஜரைச் சேர்க்காமல் எடை போடுகிறார்கள். தூக்கிக்கொண்டு நடப்பவள் சார்ஜரையும் சேர்த்துத்தானே தூக்க வேண்டும்?

உன் கேள்வித்தாளில் பதினொன்றுக்குப் பதில் இருக்கிறது. 'இதை எங்கே வைத்துப் படிப்பாய்? மேசை மேலா, மடியிலா?' என்ற ஒன்பதாம் கேள்வி மட்டும் காலி. அவசரத்தில் விட்டிருப்பாய். படிக்கிற பிள்ளையை நெருக்க எனக்கு மனமில்லை. நேரம் கிடைக்கும்போது ஒரு வரி போடு.

ஆசிகளுடன்,
பெரியப்பா


செப்டம்பர் 4

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நலம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

கையில் மட்டும் எத்தனை எலும்பு தெரியுமா? மணிக்கட்டிலேயே எட்டு. தூங்குமூஞ்சி அதை விரல் விட்டு எண்ணும்போதே தூங்கிவிடுகிறாள்.

கம்ப்யூட்டர் அறையில் நாற்பது கம்ப்யூட்டர். மூன்றரைக்கே வரிசை தொடங்கிவிடுகிறது. பரவாயில்லை, நின்றுகொண்டே எலும்புகளைப் படித்துவிடலாம்.

எந்த லேப்டாப்பானாலும் எனக்குச் சரி பெரியப்பா. உண்மையாகவே.

அம்மாவைப் பார்த்தால் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லுங்கள்.
வாயாடி


செப்டம்பர் 12

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். நீ நன்றாகச் சாப்பிடுவதை உன் அம்மாவிடம் சொன்னேன். "அவ சொன்னாளா, நீங்களா சொல்றீங்களா?" என்றாள். கடிதத்தைக் காட்டினேன்.

'எந்த லேப்டாப்பானாலும் சரி' என்று எழுதியிருக்கிறாய். அது உன் பண்பு. அதற்காகக் கையில் கிடைத்ததை வாங்கிவிடுவது எனக்கு அழகல்ல.

ஒன்றுக்குப் பேட்டரி எட்டு மணி நேரம் நிற்கும் என்றார் கடைக்காரர். செவ்வாய்க்கிழமை காலை பத்துக்குப் போய் ஒரு ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து, படம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஐந்து மணி நேரம் பத்து நிமிடத்தில் அணைந்தது. மதியம் அவர் தன் டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கும் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். "நீங்க இங்கயே வேலைக்குச் சேந்துடுங்கய்யா, கஸ்டமர் பயந்து உண்மையப் பேசுவாங்க" என்றார்.

அதையும் சேர்த்து ஏழில் ஐந்தைக் கழித்துவிட்டேன். மிஞ்சியவை இரண்டு.

ஒன்று பெரியது. திரை அகலம், படங்கள் பளிச்சென்று தெரிகின்றன. கனம் அதிகம், பேட்டரி குறைவு. மேசைமேல் வைத்து, மின்சாரத்தில் சொருகியே படிப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை.

மற்றது சிறியது. ஒரு கையால் தூக்கலாம். பேட்டரி நாள் முழுக்க வருகிறது. பேனாவால் திரையிலேயே எழுதலாம். மடியில், படிக்கட்டில், எங்கும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டும் சமமாக நிற்கின்றன. ஒன்பதாம் கேள்விதான் முள்ளை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். காத்திருக்கிறேன். அவசரமில்லை.

ஆசிகளுடன்,
பெரியப்பா


அக்டோபர் 15

அன்புள்ள வாயாடிக்கு,

உடம்பு சுகமா? ஒரு மாதத்துக்கு மேல் உன்னிடமிருந்து தபால் இல்லை. உன் அம்மா நீ தொலைபேசியில் பேசியதாகச் சொன்னாள். அதனால் பயமில்லை.

நான் எதையாவது தவறாக எழுதிவிட்டேனா? என் கடிதங்களின் நகல்களை எடுத்து வைத்துப் படித்தேன். அடுத்தடுத்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். தொல்லையாக இருந்திருக்கும். இனி அதைக் கேட்கமாட்டேன்.

கடைக்காரரிடம் இரண்டையும் எனக்காக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். நேற்று போனபோது, "ஐயா, நீங்க முடிவு பண்றதுக்குள்ள அந்தப் பொண்ணு டாக்டராகி உங்க முழங்காலுக்கு மருந்தே எழுதிடும்" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. நீயே முடிவு செய்துவிடு என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நீ தினமும் பயன்படுத்தப் போகிற பொருள். உன் கட்டத்தை நான் எப்படி நிரப்புவேன்?

ஆசிகளுடன்,
பெரியப்பா


அக்டோபர் 29

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். நீங்கள் தவறாக எதையும் எழுதவில்லை.

ஒன்பதாம் கேள்விக்கு மேசை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் அனுப்ப முடிந்தால் நல்லது.

உங்கள் மகள்


நவம்பர் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் பதில் காலையில் வந்தது. மதியத்துக்குள் பெரியதை வாங்கிவிட்டேன். "முடிவு பண்ணிட்டீங்களா!" என்று கடைக்காரர் எழுந்து நின்று கைகுலுக்கினார். சிறியதைப் பெட்டியில் வைத்து மூடியபோது மனம் கொஞ்சம் இடறியது. ஆனால் நீ மேசை என்று எழுதிய பிறகு எனக்குச் சந்தேகம் எதற்கு?

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ நானூறு கிராம், என் தராசில். மேசை சுவரோரம் இருந்தால் ஒரு சாண் இடம் விட்டு வை, பின்பக்கம் சூடாகும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். தேவைப்பட்டால் அடியில் இரண்டு தடித்த புத்தகம் வை. மருத்துவப் புத்தகத்துக்கு அங்கே பஞ்சம் இருக்காது.

நாலு மாதம் இழுத்துவிட்டேன் என்று தெரியும். சரியான பொருள் வந்து சேர்கிறது என்பதே என் ஆறுதல். நன்றாகப் படி.

ஆசிகளுடன்,
பெரியப்பா


டிசம்பர் 17

பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். அவள் உங்களை அப்படித்தான் சொல்வாள், நானும் அப்படியே எழுதுகிறேன். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்தான் தூங்குமூஞ்சி. அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

எங்கள் அறையில் மேசை கிடையாது.

நான்கு பேர் அறையில் ஆறு பேர் இருக்கிறோம். அடுக்குக் கட்டில்கள். அவளுடையது மேல்கட்டில். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். பிளக் பாயிண்ட் கதவோரத்தில் ஒன்று. ஆறு போனும் அதில்தான் முறை வைத்து ஏறுகின்றன. நீங்கள் அனுப்பிய லேப்டாப்பை மேலே வைத்தால் அவளுக்குக் கால் நீட்ட இடமில்லை. இரண்டு வாரம் அதையும் எலும்புப் பெட்டியையும் புத்தகங்களையும் தோளில் மாட்டிக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நூலகத்தில் பிளக் இருக்கும் இடமெல்லாம் சீனியர்களுக்கு. இரண்டரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. பிறகு வலது தோளைத் தூக்க முடியவில்லை. இப்போது அது டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அவள் பழையபடி மூன்றரை மணி வரிசையில் நிற்கிறாள்.

"சின்னது வேணும்னு எழுதியிருக்கலாம்ல?" என்று திட்டினேன். "மடியிலன்னு எழுதுனா ஏன் மேசையில்லையான்னு கேப்பாரு. இந்த ரூமுக்கு எண்பத்தாறு மார்க் போட்டுக் குடுத்திருக்காருடி. எப்படிச் சொல்றது?" என்றாள். முதலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். காலியாக விட்டால் எதையாவது வாங்கிவிடுவீர்கள் என்று நினைத்தாளாம். அவளுக்கு உங்களைச் சரியாகத் தெரியவில்லை என்று தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாதிரித் தேர்வில் திசுப் பாடத்தில் நூற்றுக்கு இருபத்தெட்டு. தேர்வுக்கு முப்பத்திரண்டு நாள் இருக்கிறது. அவள் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

மரியாதையுடன்,
தூங்குமூஞ்சி


டிசம்பர் 22

அன்புள்ள வாயாடிக்கு,

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். தூங்குமூஞ்சியைக் கோபிக்காதே.

பெரியப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். நலம் என்று எழுதுகிறேன், தோள் இப்போது பரவாயில்லை. இந்தத் தடவை உண்மை.

முடிவு வந்துவிட்டது. மூன்றில் தேறிவிட்டேன். திசுப் பாடத்தில் நாற்பத்தொன்று. உடலியக்கப் பாடத்தில் நாற்பத்தெட்டு. ஐம்பது வேண்டும். ஆகவே இரண்டு. இந்த ஆண்டு போய்விட்டது. அடுத்து வருகிறவர்களோடு ஆரம்பத்திலிருந்து உட்கார வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொல்ல முடியுமா?

தூங்குமூஞ்சி தேறிவிட்டாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள். "நீ தூங்காம இருந்து பெயில், நான் தூங்கிட்டே பாஸ், இதுல என்னடி நியாயம்?" என்று நேற்று அழுதாள். நான்தான் சமாதானம் செய்தேன்.

நீங்கள் வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். வாசலுக்கு மேல் விடமாட்டேன் என்று விடுதிப் பொறுப்பாளர் அம்மா சொன்னதும் நீங்கள் வாதாடவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துத் தூங்குமூஞ்சியிடம் கொடுத்தீர்கள். அவள் உள்ளே போய் அளந்துவிட்டு வந்து, "கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒண்ணரை அடி பெரியப்பா" என்றாள். நீங்கள் அதை நோட்டில் எழுதினீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த முழங்காலோடு தெருத்தெருவாக நடந்து, மாலைக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு டெய்லர் வீட்டுப் பின்னறையைப் பிடித்தீர்கள். "இதுக்கு எத்தன மார்க் பெரியப்பா?" என்று நான் கேட்டதற்கு, "மேசை இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த மேசையில்தான் எழுதுகிறேன். முன்பு துணி தேய்க்கிற மேசையாம், நடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஒரு கரிந்த தடம். லேப்டாப் அதன்மேல் இருக்கிறது. படங்கள் அழகாகத் தெரிகின்றன. நீங்கள் சொன்னது சரிதான். இருபத்து மூன்று நாள் போதவில்லை, அவ்வளவுதான்.

நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் வருத்தப்பட்டிருப்பீர்கள், ஆனால் வருடம் போயிருக்காது. தெரிந்தும் சொல்லவில்லை. அழுகை வரவில்லை பெரியப்பா. களைப்பாக மட்டும் இருக்கிறது.

வாயாடி


பிப்ரவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நாலு நாளும் எழுதிக் கிழித்தேன். இதில் உள்ளவை:

1. உன் அம்மா
2. டெய்லர் வீட்டு அறை
3. யார் பிழை
4. லேப்டாப்

முதலாவது. நேற்று நானே போய்ச் சொன்னேன். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு, "ஒரு வருஷம்தானே. அவ தோள் சரியாயிடுச்சா?" என்றாள். சரியாகிவிட்டது என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறாள். நீயாக அவளிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது. டெய்லருக்கு எழுதிவிட்டேன். அடுத்த ஆண்டும் அறை உங்களுக்குத்தான். பதிலில் அவர், "பொண்ணுங்க ரெண்டும் தங்கம், ஆனா ஒண்ணு நாள் முழுக்கத் தூங்குது, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று எழுதியிருக்கிறார்.

மூன்றாவது. இதைத் தராசில் வைத்தே பார்த்தேன். அறையைப் பார்க்காமல் மதிப்பெண் போட்டது என் பிழை. ஒரு கட்டத்துக்காக மூன்று மாதம் காத்திருந்தது என் பிழை. கேட்ட கேள்விக்கு உள்ளதை எழுதாதது உன் பிழை. காலியாக விட்டது ஒன்று, பிறகு மேசை என்று எழுதியது ஒன்று. ஆக, என் தட்டில் இரண்டு, உன் தட்டில் இரண்டு. பாதிக்குப் பாதி.

நான்காவது. லேப்டாப்பை மாற்றிச் சிறியதைக் கேட்டேன். கடைக்காரர், "பயன்படுத்தினதை எடுத்துக்க முடியாதுய்யா, உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும். அது மேசையிலேயே இருக்கட்டும். வகுப்புக்குக் கொண்டுபோக நோட்டு போதும். தோளில் மாட்டாதே.

உறையில் போடுமுன் ஒருமுறை படித்தேன். கேள்வித்தாளின் நகலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'மேசை மேலா, மடியிலா?' என்றுதான் கேட்டிருக்கிறேன். மேசை இருக்கிறதா என்று பன்னிரண்டில் எங்கும் கேட்கவில்லை. கேள்வியை அனுப்பிய அதே கடிதத்தில் எண்பத்தாறு என்றும் பெருமையாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்த பெண் அந்தக் கட்டத்தில் என்ன எழுத முடியும்? பொய் எழுத மனமில்லாமல் காலியாக விட்டாய். மூன்று மாதம் அந்தக் காலியிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை மறதி என்று படித்தவன் நான். தேர்வு நெருங்கி, வேறு வழியில்லாமல் போனபிறகுதான் நீ பொய் எழுதினாய்.

மூன்றாவதாக எழுதியது தவறு. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். உன் தட்டில் வைத்த இரண்டையும் எடுத்துவிட்டேன். தாளை மாற்றி எழுதலாம். அடித்திருப்பதை நீ பார்க்க வேண்டும் என்று அப்படியே அனுப்புகிறேன்.

பெரியப்பா